ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது: விலங்குக்கு விலங்கு கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கியிருக்கிறீர்களா? உறைந்த கட்டியாகத்தான் தருவார்கள். மேலே நல்ல சிவப்பாக இருக்கும். கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே கருஞ்சிவப்பு, கிட்டத்தட்ட நாவல்பழ நிறம். வெட்டிய துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, வெங்காயம் உரித்து முடித்து வந்து பாருங்கள். வெட்டிய முகமும் சிவந்திருக்கும். உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த ஹீமோகுளோபின், காற்று பட்டதும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

பிடிக்கிற கதையைப் பள்ளியிலேயே படித்திருப்போம். விடுகிற கதையைத்தான் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். "அதிகமா பிடிக்கிற ஹீமோகுளோபின்தானே சார் நல்லது?" என்று என் வகுப்பில் வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாயால் விளக்கிப் பார்த்திருக்கிறேன், சரியாக வராது. கிராஃப் தாளில் ஆறு புள்ளி வைத்தால் அவர்களுக்கே விளங்கிவிடும். ஆகவே ஒரு கிராஃப் தாள், பென்சில், அடுக்கு எண் போடத் தெரிந்த கால்குலேட்டர் (செல்போனில் இருப்பதே போதும்) எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: மூலக்கூறைத் தெரிந்துகொள்ளுங்கள்

மனித ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொன்றின் மடியிலும் ஹீம் என்ற தட்டையான வளையம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ஆக மொத்தம் நான்கு. ஒரு சிவப்பணுவுக்குள் இப்படிச் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்கிறது, ஆனால் துருப்பிடிப்பதில்லை. ஹீமைச் சுற்றிப் புரதம் ஒரு பொந்துபோல மூடியிருப்பதால் தண்ணீரும் பக்கத்து ஹீமும் நெருங்க முடியாது. அதனால் பிடித்த ஆக்சிஜனை அப்படியே திருப்பிக் கொடுக்க முடிகிறது.

இதோடு ஒரு நுட்பமும் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு அணு ஹீம் வளையத்தின் தளத்தைவிட்டுச் சற்றே வெளியே தள்ளி நிற்கும், ஒரு நானோமீட்டரில் சுமார் 0.04 பங்கு. ஆக்சிஜன் வந்து ஒட்டியதும் இரும்பு தளத்துக்குள் வந்து அமரும். வரும்போது தன்னோடு கட்டப்பட்ட ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தையும் இழுத்துக்கொண்டு வரும். அந்தச் சின்ன இழுப்பு சங்கிலி முழுக்கப் பரவி, கடைசியில் மூலக்கூறின் ஒரு பாதி மறுபாதியைப் பார்த்துச் சுமார் 15 டிகிரி திரும்பிவிடும். இறுக்கமாக இருந்த வடிவம் தளர்வான வடிவமாகிறது. தளர்ந்த வடிவத்தில் மீதி இரும்புகளும் ஆக்சிஜனைச் சுலபமாகப் பிடிக்கும். குழம்பிவிடாதீர்கள்: வடிவம் இறுகினால் ஆக்சிஜன் மீதான பிடி தளரும், வடிவம் தளர்ந்தால் பிடி இறுகும்.

இந்தத் திருப்பத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். 1938-இல் ஃபெலிக்ஸ் ஹாரோவிட்ஸ், ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் ஊதா நிற அறுகோணப் படிகங்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வில்லையின் ஓரம் வழியாகக் காற்று புகப் புக, படிகங்கள் உடைந்து கரைந்து, சிவப்பு ஊசிகளாக மறுபடி முளைத்தன. வடிவம் மாறினாலொழியப் படிகம் ஏன் உடைய வேண்டும்? அந்த மாற்றம் அணு அளவில் என்ன என்பதைக் கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெருட்ஸ் குதிரை ஹீமோகுளோபினை வைத்துப் பல பத்தாண்டுகள் எக்ஸ்-கதிரால் துழாவிக் கண்டுபிடித்தார். கட்டமைப்புக்காக 1962-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. இரும்பின் இழுப்பைப் பற்றிய விளக்கத்தை 1970-இல்தான் எழுதினார். எட்டு வருடம் கழித்து! பரிசு வாங்கியும் வேலையை விடாத அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாம் படி: வளைவை வரையுங்கள்

கிடை அச்சில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு மட்டும்), 0 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை. நெடு அச்சில் ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது. மனித ரத்தத்துக்கு ஏறக்குறைய இந்தப் புள்ளிகளை வையுங்கள்: 10-க்கு 10, 20-க்கு 33, 27-க்கு 50, 40-க்கு 75, 60-க்கு 90, 100-க்கு 97. இணைத்தால் நீட்டி எழுதிய எஸ் மாதிரி வரும்.

கீழே சோம்பலாகக் கிளம்புகிறது, நடுவில் செங்குத்தாக ஏறுகிறது, மேலே படுத்துவிடுகிறது. முதல் ஆக்சிஜன் ஒட்டுவதுதான் கஷ்டம். பிறகு வடிவம் திரும்பிவிடுவதால் மற்றவை மளமளவென்று ஒட்டும். மூலக்கூறின் அந்த 15 டிகிரி திருப்பம்தான் தாளில் எஸ் வளைவாகத் தெரிகிறது.

பாதி நிரம்பும் அழுத்தத்துக்கு பி-50 என்று பெயர். மனிதருக்கு 27. இந்த எண் சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம், பெரியதாக இருந்தால் பிடி தளர்வு. மாணவர்கள் தலைகீழாக எழுதிவிட்டு வருவது இந்த இடத்தில்தான். எண் கூடினால் பிடி குறைகிறது என்று தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற விலங்குகளுக்கு வளைவு வரைய ஒரு சூத்திரம் தேவை. ஏ. வி. ஹில் 1910-இல் கொடுத்தது. அழுத்தத்தை பி-50-ஆல் வகுங்கள். வந்த எண்ணுக்கு 2.7 என்ற அடுக்கு போடுங்கள். கிடைத்த எண்ணை, அதனோடு 1 கூட்டிய எண்ணால் வகுங்கள். நிரம்பிய பங்கு வந்துவிடும். மனிதருக்கு 40 மி.மீ.இல் போட்டுப் பாருங்கள்: 40-ஐ 27-ஆல் வகுத்தால் 1.48, அதன் 2.7 அடுக்கு சுமார் 2.9, 2.9-ஐ 3.9-ஆல் வகுத்தால் 0.74. நாம் வைத்த புள்ளி 75. வளைவின் இரு நுனிகளிலும் இந்தச் சூத்திரம் கொஞ்சம் தவறும், ஆனால் ஒப்பிடுவதற்குப் போதும்.

மூன்றாம் படி: இறக்கிய சரக்கை எண்ணுங்கள்

எனக்கு இதுதான் மையம். வளைவில் ஒரே ஒரு புள்ளியைப் பார்த்து எந்த ஹீமோகுளோபினையும் எடைபோடக் கூடாது. ஏற்றும் இடம் ஒன்று, இறக்கும் இடம் ஒன்று, இரண்டிலும் படித்துக் கழிக்க வேண்டும்.

நம் நுரையீரலில் சுமார் 100, ஓய்வில் இருக்கும் திசுவில் சுமார் 40. ஆக 97-இல் 75 போக, 22 சதவீதம் இறங்கியது. 100 மில்லி ரத்தம் நிரம்பியிருக்கும்போது சுமார் 20 மில்லி ஆக்சிஜன் சுமக்கும், அதில் 4.4 மில்லி திசுவுக்குப் போகிறது. ஓடும்போது தசையில் அழுத்தம் 20-க்கு இறங்கினால் 97-இல் 33 போக 64 சதவீதம், கிட்டத்தட்ட 13 மில்லி. அழுத்தம் பாதியாகக் குறைந்ததற்கு வரவு மூன்று மடங்கு. செங்குத்தான நடுப்பகுதியின் அருமை இதுதான்.

இப்போது ரத்தத்தில் மயோகுளோபின் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தசைக்குள் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதம் அது. ஒரே சங்கிலி, ஒரே ஹீம், பி-50 சுமார் 2.8. தனியாள் என்பதால் எஸ் வராது, அடுக்கு 2.7-க்குப் பதில் 1. நுரையீரலில் 97 சதவீதம் நிரம்பும். அருமை. திசுவில் 40 மி.மீ.இலும் 93-க்கு மேல் நிரம்பியே நிற்கும். நான்கு சதவீதம்கூட இறங்காது. ஏற்றிய லாரி சந்தைக்குப் போய் மூட்டையை இறக்காமல் திரும்பி வந்த கதை. "அதிகமா பிடிக்கிறதுதானே நல்லது?" என்ற கேள்விக்கு இந்தக் கணக்குதான் பதில்.

இதன் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் குடலில் வாழும் உருளைப்புழுவிடம் போக வேண்டும். அதன் ஹீமோகுளோபின் நம்முடையதைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடிக்கும், விடவே விடாது என்று சொல்லலாம். அதை ரத்தத்தில் சுமந்து செல்லும் வேலைக்கு வைத்தால் உடல் மூச்சுத்திணறிப் போகும்.

நான்காம் படி: வளைவை நகர்த்தும் கைகளை அடையாளம் காணுங்கள்

வளைவு ஒரே இடத்தில் நிற்பதில்லை. ரத்தம் உடலைச் சுற்றிவரும் ஒரு சுற்றுக்குள்ளேயே வலமும் இடமுமாக நகர்கிறது.

அமிலம் முதல் கை. 1904-இல் கிறிஸ்டியன் போர், ஹாசல்பாக், க்ரோ மூவரும் கார்பன் டை ஆக்சைடு கூடினால் ரத்தம் ஆக்சிஜனை விடுகிறது என்று காட்டினார்கள். போர் விளைவு என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். இந்தப் போர், அணு மாதிரி சொன்ன நீல்ஸ் போரின் அப்பா. உழைக்கும் தசை கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் வெளியே தள்ளுகிறது. அந்த ஹைட்ரஜன் அயனிகள் ஹீமோகுளோபினில் ஒட்டி இறுக்க வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. பிடி தளர்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. யாருக்குப் பசியோ அவர்களே சத்தம் போட்டு வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் எல்லாம் பழையபடி திரும்பும்.

வெப்பம் இரண்டாவது. சூடு கூடினால் பிடி தளரும். காய்ச்சலில் வளைவு வலப்பக்கம் போகும்.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிவப்பணுவுக்குள் 2,3-பிஸ்பாஸ்போகிளிசரேட் என்று ஒரு சிறு மூலக்கூறு உண்டு, பி.பி.ஜி. என்று சுருக்கிக்கொள்வோம். உடம்பெல்லாம் எதிர்மின் சுமை. இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கு நடுவே நேர்மின் சுமைகள் வரிசைகட்டிய ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் போய் ஆப்பு அடித்ததுபோல உட்காரும். ஆனால் இறுக்க வடிவத்தில்தான் பள்ளம் விரிந்திருக்கும்; தளர்வு வடிவத்தில் இடம் போதாது. ஆகவே பி.பி.ஜி. உள்ளே இருக்கும்வரை ஹீமோகுளோபின் இறுக்க வடிவத்தை விட்டு வரத் தயங்கும், ஆக்சிஜன் மீதான பிடி குறையும். அதை நீக்கிவிட்டால் பி-50 ஏறக்குறைய 12-க்கு இறங்கிவிடும். அதாவது நம் 27 என்ற எண்ணில் பாதிக்கு மேல் இந்த ஆப்பு கொடுத்த பரிசு. 1967-இல்தான் இது தெரியவந்தது. ரத்த வங்கியில் நாள்பட இருக்கும் ரத்தத்தில் பி.பி.ஜி. குறைந்துவிடும், ஏற்றிய பிறகு உடலுக்குள் மெல்ல மீளும்.

எல்லா விலங்குக்கும் ஆப்பு ஒன்றல்ல. பறவைகளிடம் இனோசிட்டால் பென்டாபாஸ்பேட், மீன்களிடம் ஏ.டி.பி.யும் (ATP) ஜி.டி.பி.யும் (GTP). மாடு, ஆடு, பூனை ஆகியவற்றின் சிவப்பணுவில் பி.பி.ஜி. மிகக் குறைவு, அவற்றின் ஹீமோகுளோபின் பிறவியிலேயே தளர்ந்த பிடி கொண்டது, குளோரைடு அயனிகளே வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

ஐந்தாம் படி: விலங்குகளை வளைவில் உட்கார வையுங்கள்

வயிற்றுப் பிள்ளையில் தொடங்குவோம். நஞ்சுக்கொடி வழியாக வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 30-தான். அம்மாவின் ஹீமோகுளோபினாக இருந்தால் அங்கே 57 சதவீதம் நிரம்பும். சிசுவின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி, பி.பி.ஜி. உட்காரும் பள்ளத்தில் 143-ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் போய் செரின் வந்திருக்கிறது. நேர்மின் சுமை குறைந்தது, ஆப்பு சரியாக இறங்கவில்லை, பி-50 சுமார் 20. சூத்திரத்தில் போடுங்கள்: 75 சதவீதம். அம்மா விடும் இடத்தில் பிள்ளை பிடிக்கிறது. ஆட்டுக்குட்டிக்கும் கருவில் தனி ஹீமோகுளோபின் உண்டு. பன்றிக்குத் தனியாக இல்லை. கருவின் சிவப்பணுவில் பி.பி.ஜி.யைக் குறைத்தே அதே காரியத்தைச் சாதிக்கிறது.

அப்புறம் வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி இந்தியா வருகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தங்குளத்துக்கும் குளிர்காலத்தில் வரும். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள், தூரத்திலிருந்தே தெரியும். கருவி பொருத்திக் கண்காணித்தபோது 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவானது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிக்கும் கீழே.

இதன் ரத்தத்தின் பி-50 சுமார் 30. சமவெளியில் வாழும் நெருங்கிய உறவான கிரேலாக் வாத்துக்குச் சுமார் 40. இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். உயரத்தில் நுரையீரல் அழுத்தம் 40, பறக்கும் தசையில் 15 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கிரேலாக் 50 சதவீதம் ஏற்றி, 7 சதவீதத்தோடு திரும்பும்: வரவு 43. வரித்தலை 68 ஏற்றி, 13-ஓடு திரும்பும்: வரவு 55. உயரத்தில் வரித்தலைக்கே லாபம்.

சரி, இப்போது இருவரையும் தரைக்கு இறக்குங்கள். நுரையீரல் 100, திசு 40. கிரேலாக் 92 ஏற்றி 50-ஓடு திரும்புகிறது: வரவு 42. வரித்தலை 96 ஏற்றி 68-ஓடு திரும்புகிறது: வரவு 28. மலையில் தோற்றவர் குளத்தில் ஜெயிக்கிறார்! முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது பிழை செய்துவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். பிழையில்லை. இறுக்கமான பிடி உதவுவது ஏற்றும் இடத்தில் ஆக்சிஜன் பஞ்சமாக இருந்தால் மட்டுமே. பஞ்சம் இல்லாத இடத்தில் அதே பிடி இறக்குவதைத் தடுக்கும். வரித்தலை தரையில் திணறுவதில்லை. திசு அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் இறங்கவிட்டால் வரவு சமமாகிவிடும்.

இந்த வித்தியாசத்துக்குப் பெருட்ஸ் 1983-இல் சுட்டிக்காட்டிய மாற்றம் மிகச் சிறியது: ஆல்ஃபா சங்கிலியின் 119-ஆவது இடத்தில் புரோலின் போய் அலனின். பக்கத்து பீட்டா சங்கிலியோடு இருந்த ஒரு தொடுகை அறுந்து, இறுக்க வடிவம் பலவீனமாகிறது. ஆண்டிஸ் மலை வாத்தில் அதே தொடுகையின் மறுபக்கம், பீட்டா 55-ஆவது இடம் மாறியிருக்கிறது. இரு கண்டங்களில் ஒரே முடிச்சை இரண்டு முனையிலிருந்தும் அவிழ்த்திருக்கிறார்கள். வரித்தலை வாத்தில் வேறு சில இடமாற்றங்களும் பிடியை இறுக்க உதவுவது பின்னால் தெரிந்தது. ஆண்டிஸில் வாழும் லாமாவோ பி.பி.ஜி. ஒட்டும் ஓர் இடத்தை மாற்றிப் பிடியைக் கூட்டிக்கொண்டது.

எலியும் யானையும் எதிரெதிர். சுண்டெலியின் பி-50 சுமார் 40, யானைக்கு 25-ஐ ஒட்டி. சின்ன உடலுக்கு ஒவ்வொரு கிராம் திசுவுக்கும் ஆக்சிஜன் தேவை அதிகம். விரைவாக இறக்க வேண்டும், அதனால் தளர்ந்த பிடி.

மீனுக்கு வாருங்கள். மீன் ஆய்ந்தவர்களுக்கு வயிற்றுக்குள் வெள்ளைப் பலூன்போல இருக்கும் காற்றுப்பை தெரியும். கூறல் மீனின் காற்றுப்பையை நெட்டி என்று தனியாக நல்ல விலைக்கு விற்பார்கள். பல மீன்கள் அதற்குள் ஆக்சிஜனை அடைப்பது ரத்தத்திலிருந்துதான். 200 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 21 வளிமண்டலம். அதை எதிர்த்து ஆக்சிஜனை எப்படித் தள்ளுவது? பையின் சுவரில் உள்ள சுரப்பி லாக்டிக் அமிலத்தை விடுகிறது. இந்த மீன்களின் ஹீமோகுளோபின் அமிலத்தில் பிடி தளர்வதோடு நிற்காது. ஆக்சிஜன் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் முழுதாக நிரம்பவே முடியாமல் போகும். 1931-இல் இதை விவரித்த ரூட் பெயரால் ரூட் விளைவு என்பார்கள். விடுபட்ட ஆக்சிஜன் தப்பி ஓடாதபடி, வரும் தந்துகிகளும் போகும் தந்துகிகளும் நெருக்கமாக எதிரெதிரே பின்னிக் கிடக்கின்றன; போகும் ரத்தத்திலிருந்து வரும் ரத்தத்துக்கே ஆக்சிஜன் திரும்பிவிடும். சுற்றுக்குச் சுற்று அழுத்தம் ஏறும். போர் விளைவைக் கடைசிவரை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதலை வேறு வழி எடுத்தது. மூச்சடக்கி நீரில் கிடக்கும்போது கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் பைகார்பனேட்டாகச் சேரும். முதலையின் ஹீமோகுளோபினில் அந்தப் பைகார்பனேட்டே நேராக ஒட்டி ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது. 1995-இல் கியோஷி நாகாய் குழுவினர் முதலையின் சில அமினோ அமிலங்களை மனித ஹீமோகுளோபினில் பொருத்தி, அதே குணத்தை மனிதப் புரதத்திலும் வரவழைத்தார்கள்.

கம்பளி மாமூத்துக்குச் சிக்கல் குளிர். உறைபனியில் நிற்கும் காலுக்குள் ரத்தம் போகும்போது பிடி இறுகி ஆக்சிஜன் இறங்காது. சைபீரிய மாமூத்தின் பழைய டி.என்.ஏ.வைப் படித்து, பாக்டீரியாவில் அதன் ஹீமோகுளோபினை மறுபடி உருவாக்கி 2010-இல் சோதித்தார்கள். ஆசிய யானையின் ஹீமோகுளோபினைவிட அது குளிருக்கு மிகக் குறைவாகவே இறுகியது.

மண்புழுவுக்குச் சிவப்பணு கிடையாது, ஹீமோகுளோபின் பிளாஸ்மாவிலேயே மிதக்கிறது. சின்ன மூலக்கூறாக இருந்தால் கசிந்து போய்விடும். அதனால் 144 சங்கிலிகள் சேர்ந்த ராட்சத மூலக்கூறாகக் கட்டிவைத்திருக்கிறது.

ஆறாம் படி: புது விலங்கு கையில் கிடைத்தால்

முதலில் அது எங்கே மூச்சுவிடுகிறது, அங்கே ஆக்சிஜன் அழுத்தம் என்ன என்று எழுதுங்கள். பிறகு அதன் திசு எவ்வளவு பசியோடு இருக்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் வளைவில் படித்துக் கழியுங்கள். அதன் பிறகுதான் அமினோ அமில மாற்றத்தைத் தேடுங்கள். முதலிலேயே மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கொரு கதை கட்டினால் வழி தப்பிவிடும். பி-50 எண்களை ஒப்பிடும்போது ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமிலத்தன்மையிலும் அளந்தவையா என்றும் பார்த்துவிடுங்கள். 37 டிகிரியில் அளந்த எலியையும் 10 டிகிரியில் அளந்த மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை.

இத்தனையும் வரைந்து முடித்த தாளில் கடைசியாக ஒரு விலங்கைச் சேருங்கள்: அண்டார்டிகா கடலின் பனிமீன். அதன் ரத்தம் கிட்டத்தட்ட நிறமற்றது, ஹீமோகுளோபினே இல்லை. திமிங்கிலம் பிடிப்போர் சொல்லிவந்த அந்த மீனை ஆராய்ந்து யோஹான் ரூட் (ரூட் விளைவின் ரூட் வேறு, இவர் வேறு) 1954-இல் எழுதினார். அங்கே தண்ணீர் உறைநிலைக்கும் கீழே, சுமார் மைனஸ் 1.9 டிகிரி வரை இருக்கும். அந்தக் குளிரில் ஆக்சிஜன் நீரில் நன்றாகக் கரையும், உடலின் தேவையும் குறைவு. பெரிய இதயம், அதிக ரத்தம், கரைந்த ஆக்சிஜன், அவ்வளவுதான் அதன் மூலதனம். இதற்கு நெடு அச்சில் சதவீதத்தை அழித்துவிட்டு 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லி ஆக்சிஜன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நம்முடையது 20 வரை ஏறும் எஸ். பனிமீனுடையது பூஜ்யத்தில் தொடங்கி, கிடை அச்சை ஒட்டியே மெல்ல ஏறும் ஒரு நேர்க்கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டுவிடலாம்.